வெளிநாட்டுப் பொருளுக்குக் கனடாவில் சுங்கத் தீர்வை: கட்டளையிடுவது முதல் மீளப்பெறுவது வரை

சென்னையிலிருந்து சேலை, கொழும்பிலிருந்து புத்தகம், அமெரிக்காவிலிருந்து சப்பாத்து என்று வரவழைக்கும் பலர் சுங்கத் தீர்வையைப் பற்றி முதன்முதலாக யோசிப்பது, பணம் கட்டினால்தான் பொதி கிடைக்கும் என்ற அறிவித்தல் கையில் வந்த பிறகுதான். அந்த நேரத்தில் செய்யக்கூடியது குறைவு. பொருள் எங்கே செய்யப்பட்டது, அதன் விலை எப்படி எழுதப்படுகிறது, எந்த வழியில் வருகிறது, வரியை யார் எப்போது கட்டுகிறார் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கட்டளையிடும்போதே முடிவாகிவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் பொதி புறப்படுவதற்கு முன்னுள்ள வேலைகளுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

இங்கே சொல்லப்படுவது சொந்தப் பாவனைக்காகத் தபாலிலோ கூரியரிலோ கனடாவுக்கு வரும் பொருள்களைப் பற்றியது. விற்பனைக்காக இறக்குமதி செய்பவர்களுக்கு வேறு நடைமுறையும் தனிப் பதிவும் உண்டு. டொலர் என்று வரும் இடமெல்லாம் கனேடிய டொலரே.

1. வரி வேறு, கட்டணம் வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

பொதிக்காக நீங்கள் கட்டும் தொகையில் மூன்று பகுதிகள் கலந்திருக்கின்றன. முதலாவது, பொருளின் வகையையும் அது செய்யப்பட்ட நாட்டையும் பொறுத்து விதிக்கப்படும் சுங்கத் தீர்வை. இரண்டாவது, நீங்கள் வாழும் மாகாணத்துக்குரிய விற்பனை வரி. இவை இரண்டும் கனடா எல்லைச் சேவைகள் முகவரகம் அரசுக்காக வசூலிப்பவை. மூன்றாவது, பொதியைக் கொண்டுவருபவர் தமது வேலைக்காகக் கேட்கும் கட்டணம். இது அரசுக்குப் போவதில்லை.

இந்தப் பிரிப்பை முதல் படியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. புதியவர்கள் கூரியர் நிறுவனத்தின் கட்டணத்தைப் பற்றி எல்லை முகவரகத்திடம் முறையிடுவதையும், தீர்வை கூடிவிட்டது என்று தபாலகத்தில் வாதாடுவதையும் அடிக்கடி காண்கிறேன். தீர்வையையும் வரியையும் மாற்றும் அதிகாரம் முகவரகத்துக்கு மட்டுமே உண்டு. கட்டணத்தைக் குறைக்கவோ தவிர்க்கவோ வேண்டுமானால் பொதியைக் கொண்டுவருபவரிடம்தான் பேச வேண்டும். தவறான கதவைத் தட்டினால் மேன்முறையீட்டுக்கான நாள்கள் அதிலேயே கரைந்துவிடும்.

2. கட்டளையிடுமுன் சேகரிக்க வேண்டியவை

பொருளின் விலையும் அனுப்பும் செலவும் தனித்தனியாகக் காட்டப்பட்ட விலைச்சிட்டை ஒன்று கட்டாயம் தேவை. கனடாவில் தீர்வை பொருளின் விலைமீது கணிக்கப்படுகிறது. அனுப்பப்பட்ட இடத்திலிருந்து கனடா வரையான போக்குவரத்துச் செலவு தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அது அந்த விலையில் சேர்வதில்லை. 'அனுப்பும் செலவு இலவசம்' என்று எழுதி எல்லாவற்றையும் ஒரே விலைக்குள் அடக்கும் கடைகளிடம் வாங்கும்போது, போக்குவரத்துக்கும் சேர்த்தே தீர்வை கட்டுகிறீர்கள்.

விலைச்சிட்டையில் நாணயம் தெளிவாக இருக்க வேண்டும். 'ரூபாய்' என்று மட்டும் இருந்தால் அது இந்திய ரூபாயா இலங்கை ரூபாயா என்பது பொதியைத் திறந்து பார்க்கும் அலுவலருக்குத் தெரியாது. இரண்டின் பெறுமதிக்கும் இடையே பல மடங்கு வித்தியாசம் உண்டு. நாணயத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை எழுதும்படி விற்பனையாளரிடம் கேளுங்கள். ஏற்கெனவே கனேடிய டொலரில் விலை காட்டும் கடையென்றால் இன்னும் நல்லது.

இவற்றோடு, பொருள் செய்யப்பட்ட நாடு, துணியென்றால் அது பருத்தியா பட்டா செயற்கை இழையா என்ற விபரம், கடனட்டைக் கூற்று, உங்கள் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே எழுதப்பட்ட பெயர், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். இலக்கம் இல்லாத பொதிகள் கூரியர் களஞ்சியத்தில் கேட்பாரற்றுக் கிடப்பதுண்டு.

3. எந்த வழியில் வருகிறது என்று கேளுங்கள்

இந்தியா அல்லது இலங்கைத் தபால் சேவையில் அனுப்பப்படும் பொதி, விரைவுத் தபாலாக இருந்தாலும், கனடாவில் கனடா போஸ்ட் மூலமே உங்களிடம் வரும். வரியோ தீர்வையோ கட்ட வேண்டிய ஒவ்வொரு பொதிக்கும் கனடா போஸ்ட் 9.95 டொலர் கையாளும் கட்டணம் எடுக்கிறது. வரி ஒன்றும் இல்லையென்றால் அந்தக் கட்டணமும் இல்லை.

கூரியர் நிறுவனங்களின் கட்டணம் இப்படி ஒரே அளவில் இருப்பதில்லை. தரகுக் கட்டணம் (உங்களுக்காகச் சுங்க வேலையை முடித்துத் தருவதற்கானது), உங்களுக்காக வரியை முன்கூட்டிச் செலுத்தியதற்கான கட்டணம், அவற்றின்மீது விற்பனை வரி என்று தனித்தனியாக ஏறும். பெறுமதி கூடக் கூடத் தரகும் கூடும். சில நிறுவனங்களில் தரை வழியான மலிவுச் சேவைக்குத் தரகு தனியாகவும், விமான வழியான விரைவுச் சேவைக்குத் தரகு உட்படவும் இருக்கிறது. அப்போது அனுப்பும்போது மலிவாகத் தெரிந்த சேவையே கடைசியில் கூடுதல் செலவாகிவிடுகிறது. ஆகவே அந்த நிறுவனத்தின் கனடாவுக்கான தரகுக் கட்டண அட்டவணையைப் பார்த்த பிறகே அனுப்பும் வழியைத் தெரிவுசெய்யுங்கள்.

ஒரே கட்டளையை விற்பனையாளர் பல தபால் பொதிகளாகப் பிரித்து அனுப்பினால், வரிக்குரிய ஒவ்வொன்றுக்கும் 9.95 டொலர் தனித்தனியாக ஏறும். வரியில்லாமல் வரக்கூடிய விலக்கு எல்லையை (அடுத்த படியில் காண்க) தாண்டிய கட்டளையென்றால் ஒரே பொதியாக அனுப்பும்படி எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

4. விலக்கு எல்லைகளைச் சரியாகப் பொருத்திப் பாருங்கள்

உலகின் எந்த நாட்டிலிருந்தும் தபாலில் வரும் 20 டொலர் அல்லது அதற்குக் குறைந்த பெறுமதியுள்ள பொருளுக்குத் தீர்வையும் வரியும் இல்லை. அமெரிக்காவும் மெக்சிக்கோவும் தவிர்ந்த நாடுகளிலிருந்து கூரியரில் வருபவற்றுக்கும் இதே எல்லைதான். பெறுமதி 20 டொலரைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி உண்டு. முதல் 20 டொலர் கழிக்கப்படமாட்டாது. 22 டொலர்ப் பொருளுக்கு 2 டொலர்மீதுதான் வரி என்று கணக்குப் போடுபவர்கள் மிகப் பலர்.

அமெரிக்காவிலிருந்தோ மெக்சிக்கோவிலிருந்தோ கூரியரில் வரும் பொருளுக்கு, 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள வட அமெரிக்க வர்த்தக உடன்படிக்கையின்படி, 40 டொலர் வரை தீர்வையும் இல்லை, வரியும் இல்லை. 40-க்கு மேல் 150 டொலர் வரை தீர்வை இல்லை, விற்பனை வரி மட்டும் உண்டு. இந்தச் சலுகை கூரியருக்கு மட்டுமே உரியது. அதே அமெரிக்கக் கடை அதே பொருளைத் தபாலில் அனுப்பினால் 20 டொலர் எல்லையே பொருந்தும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் தபாலைத் தெரிவுசெய்வதுதான் அமெரிக்கக் கொள்வனவில் நான் காணும் மிகப் பெரிய பிழை.

புத்தகம், சஞ்சிகை, மதுபானம், புகையிலைப் பொருள்கள் ஆகியவற்றுக்கு 20 டொலர் விலக்கு கிடையாது. தமிழ்ப் புத்தகம் வரவழைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். புத்தகத்துக்குச் சுங்கத் தீர்வை இல்லை, விற்பனை வரி உண்டு. 15 டொலர்ப் புத்தகத்துக்கு 5 வீத வரி 75 சதம்தான். ஆனால் அது விதிக்கப்பட்டால் 9.95 டொலர்க் கட்டணமும் கூடவே வரும். ஒவ்வொரு புத்தகமாக வரவழைக்காமல், நான்கைந்தைச் சேர்த்து ஒரே பொதியில் எடுப்பதே இதற்கு வழி.

அன்பளிப்புக்குரிய எல்லை 60 டொலர். வெளிநாட்டில் உள்ள ஒருவர் தனிப்பட்ட முறையில் உங்களுக்கு அனுப்பியதாக இருக்க வேண்டும். அன்பளிப்பு என்பதைக் காட்டும் வாழ்த்து மடலோ குறிப்போ உள்ளே இருக்க வேண்டும். இங்கே 60 டொலருக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமே வரி. மதுபானமும் புகையிலையும் இதிலும் சேராது. நீங்களே பணம் கொடுத்து ஒரு கடையில் வாங்கிய பொருளின்மீது 'அன்பளிப்பு' என்று ஒட்டினால் அது அன்பளிப்பாகிவிடாது.

5. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

தீர்வை வீதத்தை எல்லை முகவரகம் தனது இணையத்தளத்தில் வெளியிடும் சுங்கத் தீர்வை அட்டவணையில் காணலாம். பொருளின் வகைக் குறியீட்டில் முதல் ஆறு இலக்கங்கள் உலகெங்கும் பொது. விற்பனையாளருக்கு அது தெரிந்திருக்கக்கூடும். அதைக் கொண்டு அட்டவணையில் உங்கள் பொருளைக் கண்டுபிடியுங்கள். ஆயத்த ஆடைகள் பலவற்றுக்கு 18 வீதம் வரை தீர்வை உண்டு. சப்பாத்துகள் சிலவற்றுக்கு அது 20 வீதம் வரை போகும். மடிக்கணினி, கைபேசி, புத்தகம் போன்றவற்றுக்குத் தீர்வை இல்லை. விற்பனை வரி மட்டுமே.

வீதத்தைத் தீர்மானிப்பது பொருள் செய்யப்பட்ட நாடு. ஐக்கிய இராச்சியத்துக் கடையில் வாங்கினாலும் சட்டை சீனாவில் தைக்கப்பட்டதென்றால், பிரித்தானியாவுடனான வர்த்தக உடன்படிக்கையின் சலுகை அதற்குக் கிடையாது. இதைத் தவிர, குறிப்பிட்ட ஒரு நாட்டுப் பொருள்களுக்குக் கூடுதல் வரி விதிக்கப்படும் காலங்களும் உண்டு. 2025-இல் அமெரிக்கப் பொருள்கள் பலவற்றுக்குக் கனடா அப்படிச் செய்தது. ஆகவே பழைய கணக்கை வைத்துப் புதிய கட்டளை இட வேண்டாம்.

ஓர் எடுத்துக்காட்டு. இந்தியாவில் தைக்கப்பட்ட 200 டொலர்ப் பெறுமதியான பெரியவர்களுக்கான ஆடைகள், 18 வீதத் தீர்வைக்கு உரியவை, தபாலில் ஒன்ராறியோவுக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். தீர்வை 36 டொலர். விற்பனை வரி தீர்வையையும் சேர்த்த தொகைமீது கணிக்கப்படும். எனவே 236 டொலருக்கு 13 வீதம், அதாவது 30.68 டொலர். இரண்டும் சேர்ந்து 66.68. கனடா போஸ்டின் 9.95 டொலரைச் சேர்த்தால் 76.63. இருநூறு டொலர்ப் பொருளுக்கு இது சிறிய தொகை அல்ல. இங்கே உள்ள கடையில் அதே ஆடை 270 டொலருக்குக் கிடைக்குமானால், அதன்மேல் வரியும் உண்டு என்பதை நினைவில் வைத்து, இரண்டு விலைகளையும் நேர்மையாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். இப்படி ஒப்பிடுவதற்காகவே கணக்கை முன்கூட்டிப் போடச் சொல்கிறேன்.

மாகாணத்தைப் பொறுத்து விற்பனை வரி மாறும். அல்பேர்ட்டாவில் 5 வீதம் மட்டுமே. கியூபெக், பிரிட்டிஷ் கொலம்பியா, மனிற்றோபா, சஸ்கச்சுவானில் மாகாண வரியும் சேர்ந்து வசூலிக்கப்படும். ஒன்ராறியோவில் புத்தகங்களுக்கும் சிறுவர் ஆடைகளுக்கும் மாகாணப் பகுதி விலக்கப்படுவதால் 5 வீதமே உரியது. இந்த ஒரு விபரம் பின்னால் வரும் மீளாய்வுப் படிக்கு மிகவும் பயன்படும்.

6. கொண்டுவர முடியுமா என்பதை உறுதிசெய்யுங்கள்

தீர்வை கட்டத் தயாராக இருப்பதால் மட்டும் ஒரு பொருள் எல்லையைக் கடந்துவிடாது. இறைச்சி, பால் பொருள்கள், செடிகள், விதைகள் ஆகியவற்றுக்குக் கனடா உணவுப் பரிசோதனை முகவரகத்தின் விதிகள் உண்டு. அதன் இணையத்தளத்தில் பொருளையும் நாட்டையும் குறிப்பிட்டுத் தேடும் வசதி இருக்கிறது. மருத்துவரின் சிட்டைக்கு மட்டுமே விற்கப்படும் மருந்துகளைத் தனிப்பட்டவர்கள் தபாலில் வரவழைக்க முடியாது. சித்த, ஆயுர்வேத மருந்துகள் கனடா சுகாதாரத் திணைக்களத்தின் விதிகளுக்குள் வருபவை. சொந்தப் பாவனைக்கென்றாலும் அதிகபட்சமாக 90 நாள்களுக்குப் போதுமான அளவே ஏற்கப்படும். ஊரிலிருந்து அம்மா அனுப்பும் பொதியில் இவை எல்லாம் கலந்தே வருவதால், கட்டுவதற்கு முன்பே அவருக்கு இதைச் சொல்லிவிடுங்கள். தடைசெய்யப்பட்ட ஒரு பொருளால் முழுப் பொதியும் தாமதமாகும்.

7. உண்மையான விலையை எழுதச் சொல்லுங்கள்

'விலையைக் குறைத்து எழுதி அனுப்புகிறோம்' என்று சில விற்பனையாளர்கள் தாமாகவே முன்வருவார்கள். வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள். பொய்யான விலை கண்டுபிடிக்கப்பட்டால் பொருள் பறிமுதலாகலாம். வழியில் தொலைந்தாலோ உடைந்தாலோ, எழுதப்பட்ட விலைக்கு மேல் இழப்பீடு கேட்க முடியாது. திருப்பி அனுப்பும்போது செலுத்திய விலையும் ஆவணமும் பொருந்தாமல் போய், வரியை மீளப்பெறும் வழியும் அடைபடும்.

பொதியின் வெளியே ஒட்டப்படும் சுங்கப் படிவத்தில் பொருளின் விபரம் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ தெளிவாக இருக்கட்டும். 'ஆடைகள்' என்று பொதுவாக எழுதுவதைவிட, 'சிறுவர் பருத்திச் சட்டை, 3, இந்தியாவில் செய்தது' என்ற பொருள்பட எழுதினால் அலுவலர் ஊகிக்க வேண்டியதில்லை. ஊகம் பெரும்பாலும் கூடிய வீதத்தின் பக்கமே சாயும்.

8. முன்கூட்டிச் செலுத்தும் வசதி இருந்தால்

பெரிய இணையக் கடைகள் சில, பணம் செலுத்தும் பக்கத்திலேயே இறக்குமதித் தொகையைச் சேர்த்து வாங்கிக்கொள்கின்றன. கூரியர்த் தரகு அதில் அடங்கியிருந்தால் இது பெரும்பாலும் நல்ல தெரிவு. ஆனால் 'வரி' என்று காட்டப்படுவது விற்பனை வரி மட்டுமா, தீர்வையும் சேர்ந்ததா என்று வாசித்துப் பாருங்கள். அந்தப் பக்கத்தைப் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். வாசலில் இரண்டாவது முறை பணம் கேட்கப்பட்டால், ஏற்கெனவே கட்டியதற்கு அதுவே உங்கள் சான்று.

9. அறிவித்தல் வந்ததும் செய்ய வேண்டியவை

குறுஞ்செய்தியில் ஓர் இணைப்பை அனுப்பி, 'சுங்கக் கட்டணம் நிலுவையில் உள்ளது' என்று பணம் கேட்பது இப்போது பரவலான மோசடி. செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், கனடா போஸ்ட் அல்லது கூரியர் நிறுவனத்தின் தளத்தை நீங்களே திறந்து, விற்பனையாளர் கொடுத்த, பொதியைக் கண்காணிக்கும் இலக்கத்தை இட்டுப் பாருங்கள். உண்மையான நிலுவை அங்கே தெரியும்.

தபால் பொதியில் ஈ14 எனப்படும் தபால் இறக்குமதிப் படிவம் ஒட்டப்பட்டிருக்கும். கணிக்கப்பட்ட பெறுமதி, தீர்வை, வரி எல்லாம் அதில் உண்டு. உங்கள் சொந்தக் கணக்கோடு ஒவ்வொரு தொகையாக ஒப்பிடுங்கள். பெட்டியைக் கிழித்து எறியும்போது இந்தப் படிவத்தையும் எறிந்துவிடுபவர்கள் அநேகர்; அது இல்லாமல் பணத்தை மீளக் கேட்பது மிகக் கடினம். பெட்டியைத் திறக்கும் முன் அதைப் படமெடுத்து, பிறகு பத்திரமாக உரித்து வையுங்கள்.

10. கூரியர்த் தரகைத் தவிர்க்க நீங்களே சுங்கத்தை முடித்தல்

கூரியர் நிறுவனத்தின் தரகரையே பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பொருளின் உரிமையாளராகிய நீங்களே எல்லை முகவரக அலுவலகத்துக்குச் சென்று தீர்வையையும் வரியையும் நேரடியாகக் கட்டலாம். இதில் வரிசை முக்கியம்.

பொதி கனடாவை அடையுமுன் கூரியர் நிறுவனத்தை அழைத்து, சுங்க வேலையை நீங்களே முடிக்கப்போவதாகச் சொல்லி, பொதியைத் தடுத்து வைக்கும்படி கேளுங்கள். அவர்கள் தமது தரகர் மூலம் விடுவித்துவிட்ட பின் கேட்டால் பயனில்லை, ஏனென்றால் தரகு வேலை அதற்குள் நடந்து முடிந்திருக்கும். அழைத்த நாளையும் பேசியவரின் பெயரையும் குறித்து வையுங்கள். முதலில் பேசுபவருக்கு இந்த நடைமுறை தெரியாமல் இருப்பது சாதாரணம். மேற்பார்வையாளரைக் கேளுங்கள்.

அடுத்து, பொதிக்குரிய சரக்கு ஆவணத்தையும் விலைச்சிட்டைப் பிரதியையும் அவர்களிடமிருந்து பெறுங்கள். அவற்றோடு அடையாள ஆவணத்தையும் எடுத்துக்கொண்டு முகவரக அலுவலகத்துக்குச் செல்லுங்கள். எல்லா அலுவலகங்களும் இந்த வேலையைச் செய்வதில்லை. முன்கூட்டி அழைத்து, நேரத்தையும் கேட்டுக்கொள்வது அவசியம். பணம் கட்டியதும் கிடைக்கும் பற்றுச்சீட்டைக் கூரியர் நிறுவனத்திடம் காட்டினால் பொதியை விடுவிப்பார்கள்.

இதற்கு அரை நாள் வரை ஆகலாம். விமான நிலையப் பக்கம் போய்வரும் செலவையும் சேர்த்துப் பார்த்தால், சிறிய தரகுக்காக இதைச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பெறுமதி கூடிய பொருளுக்குத் தரகு பெருந்தொகையாக வரும்போது கட்டாயம் செய்யுங்கள்.

11. பிழையான கணிப்பை எதிர்த்தல்

கணிப்பு பிழையென்று தெரிந்தாலும் பணத்தைக் கட்டிப் பொதியை எடுத்துக்கொண்டு, பிறகு மீளக் கேட்பதே பாதுகாப்பான வழி. கட்டாமல் தபாலகத்தில் விட்டால் பொதி அனுப்பியவரிடமே திரும்பிவிடும்.

மீளக் கேட்பதற்கு, பி2ஜி என்று அறியப்படும் முறைசாரா திருத்தக் கோரிக்கைப் படிவம் முகவரகத்தின் தளத்தில் உண்டு. அதனுடன் ஈ14 படிவம், விலைச்சிட்டை, கடனட்டைக் கூற்று ஆகியவற்றின் பிரதிகளை இணைத்து, படிவத்தில் சொல்லப்பட்ட இடத்துக்கு அனுப்புங்கள். கூரியரில் வந்ததென்றால் ஈ14-க்குப் பதிலாக அந்த நிறுவனத்தின் வரிப் பற்றுச்சீட்டு. கணிப்பை எதிர்ப்பதற்கு 90 நாள்கள்தான் அவகாசம், நாளைக் கடத்தாதீர்கள்.

காரணத்தைச் சுருக்கமாக எழுதுங்கள். 'வரி மிக அதிகம்' என்று எழுதினால் அலுவலருக்கு ஆராய ஒன்றுமில்லை. 'இலங்கை ரூபாயில் உள்ள விலை இந்திய ரூபாயாகக் கணிக்கப்பட்டுள்ளது', 'சிறுவர் ஆடைக்கு 5 வீதத்துக்குப் பதில் 13 வீதம் விதிக்கப்பட்டுள்ளது', '60 டொலர் அன்பளிப்பு விலக்கு கழிக்கப்படவில்லை' என்பன போல, படிவத்தின் எந்த இடத்தில் என்ன பிழை என்று சுட்டி, சரியான கணக்கையும் அருகில் போட்டுக் காட்டுங்கள்.

12. பொருளைத் திருப்பி அனுப்பும்போது

அளவு சரியில்லை, உடைந்து வந்தது என்று பொருளை விற்பனையாளருக்கே திருப்பி அனுப்பினால், கட்டிய தீர்வையையும் வரியையும் முகவரகத்திடம் மீளக் கேட்கலாம். விற்பனையாளர் பொருளின் விலையைத் தருவார்; கனடாவுக்குக் கட்டிய வரியை அவர் தரமாட்டார் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இங்கேயும் வரிசையைப் பின்பற்ற வேண்டும். முதலில் விற்பனையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். பிறகு, கண்காணிப்பு இலக்கம் உள்ள சேவையில் மட்டும் அனுப்புங்கள், ஏனென்றால் பொருள் கனடாவை விட்டு வெளியேறியதற்கு அந்தப் பற்றுச்சீட்டே சான்று. திருப்பி அனுப்பும் பொதியின் சுங்கப் படிவத்தில், திரும்பிவரும் பொருள் என்று குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் அந்த நாட்டின் சுங்கம் விற்பனையாளரிடம் வரி கேட்கும், அவர் அதை உங்கள் பணத்திலிருந்து கழிப்பார். விற்பனையாளர் பணத்தைத் திருப்பித் தந்ததற்கான ஆவணம் வந்த பிறகே, இவை எல்லாவற்றையும் முதல் கொள்வனவின் விலைச்சிட்டையோடும் ஈ14 படிவத்தோடும் சேர்த்து, மேலே சொன்ன அதே பி2ஜி படிவத்துடன் அனுப்புங்கள்.